பதினெட்டுக் கிண்ணம் வெல்வது எப்படி: தோட்டத்து இளைஞர் கழகங்களுக்கு ஒரு கையேடு

தேவையானவை: வளையம் இரண்டு, பந்து ஒன்று, ஆள் பத்து, சமதரை 28 மீற்றருக்கு 15 மீற்றர். முதல் மூன்றையும் எப்படியாவது சேர்த்துவிடலாம். நான்காவதைப் பற்றி இப்போதே பேசினால் கழகம் முதல் கூட்டத்திலேயே கலைந்துவிடும். அதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம்.

எதைச் செய்தாலும் பார்த்துச் செய்ய ஒரு மாதிரி வேண்டும். இறக்குவானை முதல் எட்டியாந்தோட்டை வரை சப்ரகமுவ முழுக்கத் தேடினாலும், சம்பளம் கொடுத்து ஆள் வைத்து விளையாடும் பாஸ்கட்போல் கழகம் ஒன்று அகப்படாது. ஆகவே சின்ன இடத்தில் கைநீட்டாமல் நேரே பொஸ்டன் செல்டிக்ஸிடம் போவோம். 1946இல் தொடங்கிய கழகம். 2024 வரைக்கும் என்.பி.ஏ. கிண்ணத்தை 18 தடவை வென்றிருக்கிறது. அடுத்து நிற்கும் லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸிடம் 17 தான். தவிர, அந்த ஊர் நமக்கு ஒரு பாக்கி வைத்திருக்கிறது. 1773 டிசம்பர் 16ஆம் திகதி இரவு 342 பெட்டி தேயிலையைத் துறைமுகத்தில் கொட்டியவர்கள் பொஸ்டன்காரர்கள். அது சீனத் தேயிலை, நம் ஆட்கள் பறித்த கொழுந்து அல்ல. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டதே 1867இல் தான். இருந்தாலும் தேயிலை தேயிலை தானே. (அந்த 342 பெட்டியையும் நம் நிறுவைக்காரர் நிறுத்திருந்தால் ஈரத்துக்குக் கழித்து, கூடைக்குக் கழித்து, 300 என்று எழுதியிருப்பார். பொஸ்டன்காரர்களுக்குப் பாதிக் கோபம் அங்கேயே தணிந்திருக்கும்.)

கூடையும் பந்தும்

1891 டிசம்பரில், பொஸ்டன் இருக்கும் அதே மசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் குளிரில் உள்ளே அடைந்துகிடந்த மாணவர்களுக்காக இந்த விளையாட்டை உண்டாக்கினார். கட்டடத்தைப் பார்த்துக்கொண்டவரிடம் பெட்டி இரண்டு கேட்டார். அந்த ஆள் பீச் பழக் கூடை இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். மாடிக் கைப்பிடியில் அதை அறைந்தபோது உயரம் பத்தடி வந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க வளையம் அந்தப் பத்தடியில் தான் நிற்கிறது. வெள்ளைக்காரன் கட்டிய பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்கு இது விளங்காத சங்கதி அல்ல: யாரோ ஒருநாள் வசதிக்குப் போட்ட அளவு, பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

கூடைக்கு நமக்குப் பஞ்சமில்லை. பழைய கொழுந்துக் கூடை ஒன்றை எடுத்து அடியை வெட்டுங்கள். நெய்ஸ்மித்தின் ஆட்கள் அடியை வெட்டவில்லை. பந்து விழுந்தால் ஏணி போட்டு ஏறி எடுத்தார்கள். முதல் ஆட்டம் 1–0 என்று முடிந்ததில் அதிசயமில்லை. யாருடைய கூடையை வெட்டுகிறீர்கள் என்பதை மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள். மறுநாள் கூடையில்லாமல் மலைக்குப் போகும் அத்தையிடம் விளையாட்டின் வரலாற்றை எடுத்துச் சொல்ல முடியாது.

பந்தைப் பற்றி நாம் வெட்கப்படவே வேண்டாம். 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்திறங்கிய ரப்பர் கன்றுகளின் வம்சம் கேகாலை மாவட்டத்தில் தான் தழைத்திருக்கிறது. ருவன்வெல்லையிலும் தெஹியோவிற்றவிலும் தெரணியகலையிலும் விடியுமுன் கத்தியோடு போய்ப் பால் வெட்டி, சிரட்டையில் வடிந்ததை வாளியில் சேர்த்துத் தூக்கி வருபவர்கள் நம் ஆட்கள். ஆண்கள் ஆடும் பந்தின் எடை 600 கிராம் சொச்சம். ரப்பர் நம்முடையது, பந்து கடையில். அந்த இடைத்தூரத்துக்கு என்ன விலை என்பதைக் கடையில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர், நிறம், முதல் தோல்வி

கழகத்துக்குப் பெயர் வைக்கும்போது அவசரப்படாதீர்கள். ஏதாவது ஸ்டார், ஏதாவது பிரதர்ஸ் என்று வைத்தால் பக்கத்துத் தோட்டத்தில் அதே பெயர் ஏற்கெனவே இருக்கும். பொஸ்டனில் கழகத்தைத் தொடங்கிய வோல்டர் பிரவுனிடம் சூறாவளி, ஒற்றைக்கொம்புக் குதிரை என்றெல்லாம் பெயர் கொண்டுபோனார்கள். அவர் ஊரைப் பார்த்தார். ஊர் நிறைய அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள். செல்டிக்ஸ் என்று வைத்து, பச்சை உடுப்பு மாட்டிவிட்டார். பஞ்சத்துக்குக் கடல் தாண்டி வந்தவர்களின் பெயரில் கழகம் வைப்பதென்றால் நமக்குத் தகுதி இல்லையா என்ன? பச்சை நிறமும் நமக்குப் புதிதில்லை. அண்ணாந்தாலும் குனிந்தாலும் அது தான்.

முதல் போட்டியில் பலகையை உடையுங்கள். இது மிக முக்கியம். 1946 நவம்பர் 5ஆம் திகதி, சொந்த ஊரில் செல்டிக்ஸின் முதல் ஆட்டம். ஆட்டம் தொடங்குமுன் சும்மா பந்து போட்டுப் பார்த்த சக் கொனர்ஸ் என்பவர் கண்ணாடிப் பலகையை நொறுக்கிவிட்டார். மாற்றுப் பலகைக்காக இன்னொரு அரங்குக்கு ஆள் ஓடியது. அங்கே மாட்டு வித்தைக் காட்சி நடந்துகொண்டிருந்ததால் காளைகளுக்குப் பின்னாலிருந்து பலகையை எடுத்து வந்ததாகச் சொல்வார்கள். வந்திருந்தவர்கள் காத்திருந்து, கடைசியில் சிகாகோ ஸ்டாக்ஸிடம் 57–55 என்று தோற்றதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கொனர்ஸ் பின்னாளில் தொலைக்காட்சியில் துப்பாக்கி தூக்கி நடித்துப் பெயர் வாங்கினார். பந்தில் வாங்கியதைவிட அது அதிகம். அந்த முதல் பருவத்தில் கழகம் வென்றது 22, தோற்றது 38. உங்கள் கழகம் முதல் வருடத்தில் தோற்றால், வாசகசாலைத் திண்ணையில் உட்கார்ந்து கேலி செய்யும் பெரியவர்களிடம் இந்தக் கணக்கை எடுத்துக் காட்டுங்கள்.

போஷகரை அடகு வைத்தல்

கழகத்துக்கு ஒரு போஷகர் வேண்டும். பிரவுன் எப்படிப்பட்டவர் என்றால், ஆரம்ப ஆண்டுகளில் பணம் கரைந்துகொண்டே போனபோது தம் வீட்டை ஈடு வைத்தார். இந்தப் படியை நீங்கள் அப்படியே பின்பற்ற முடியாது. வீட்டை ஈடு வைக்க வேண்டுமென்றால் வீடு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். லயக் காம்பராவை எந்த வங்கியும் ஈடாக எடுக்காது. தாத்தா பிறந்தது அதில், அப்பா செத்தது அதில், உறுதி மட்டும் இல்லை. ஆக மிஞ்சுவது வீட்டுக்காரியின் காதுத் தோடு. அதையும் ஏற்கெனவே பிள்ளையின் சாதாரண தரப் பரீட்சைக்கு வைத்தாயிற்று என்றால் அடுத்த பத்திக்குப் போங்கள்.

இந்தப் பத்தியில் தேர்தல் வருகிறது. தேர்தல் வந்தால் ஜேர்சி வரும், பந்து வரும், பந்துக்குக் காற்றடிக்கும் பம்பும் சில வேளை வரும். வேட்பாளரின் முகம் அச்சடித்த ஜேர்சியை வாங்கிக்கொள்ளுங்கள், குற்றமில்லை. ஆனால் அடிக்கல் நட்டுவிட்டுப் போகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். ஒரு அடிக்கல் நட்டால் அந்த இடத்தில் அதற்குப் பிறகு ஒன்றும் நடமுடியாது. ஏற்கெனவே திட்டம் தொடங்கிவிட்டதாகக் கோப்பில் இருக்கும்.

முன்கூட்டிக் கொண்டாடுபவர்களுக்கு 1969ஐச் சொல்லிக்காட்டலாம். இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம், லொஸ் ஏஞ்சல்ஸில். லேக்கர்ஸின் உரிமையாளர் ஜாக் கென்ட் குக் அரங்கின் கூரையில் வலை கட்டி ஆயிரக்கணக்கில் பலூன் நிரப்பி வைத்திருந்தார், வென்றதும் அவிழ்த்துவிடுவதற்காக. கொண்டாட்ட நிகழ்ச்சிநிரலைத் தாளில் அடித்தே வைத்திருந்தார்கள். அதில் ஒன்று செல்டிக்ஸின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. கடைசி நேரத்தில் டொன் நெல்சன் எறிந்த பந்து வளையத்தில் பட்டு, நேரே மேலே எகிறி, திரும்பக் கூடைக்குள்ளேயே விழுந்தது. பொஸ்டன் 108–106. பலூன் கூரையிலேயே கிடந்தது.

ஆள் சேர்த்தல்

இங்கே தான் நம் கழகங்கள் கவிழ்கின்றன. மேல்கணக்குப் பையன்கள் கீழ்க்கணக்குப் பையனுக்குப் பந்து கொடுக்கமாட்டார்கள். ஒரு தொழிற்சங்கத்துக்காரரின் மகன் அணித்தலைவர் என்றால் மற்றச் சங்கத்துக்காரர்கள் இன்னொரு கழகம் தொடங்குவார்கள். அதற்கு உள்ளே இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது. கோயில் திருவிழாவில் யார் எந்த நாள் செய்வது என்று பிரிக்கும்போது வெளியே தெரியும், மற்ற நாளில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தோட்டத்து எல்லைக்கு அந்தப் பக்கம், கிராமத்தில், நல்ல உயரமான சிங்களப் பையன் ஒருவன் இருப்பான். அவனைக் கூப்பிட ஒருவருக்கும் தோன்றாது.

செல்டிக்ஸின் பயிற்சியாளர் ரெட் ஓவர்பாக் 1950இல் வந்தார். அவரும் முதலில் சறுக்கியவர் தான். பக்கத்து ஊர்க் கல்லூரியில் ஆடி எல்லாரும் கொண்டாடிய பொப் கூசியை வேண்டாம் என்று தள்ளிவிட்டார். வேறு கழகம் எடுத்தது, அது கைமாற்றிவிட்டது, வாங்கிய கழகம் மூடப்பட்டது. மூன்று ஆட்டக்காரர் பெயரை எழுதித் தொப்பிக்குள் போட்டு மூன்று கழகங்கள் சீட்டெடுத்தன. பொஸ்டனுக்கு விழுந்தது கூசி. வேறு பெயர் வரும் என்று காத்திருந்த பிரவுனுக்கு முகம் வாடிவிட்டது. அந்த வேண்டாத சீட்டு தான் பிறகு முதுகுக்குப் பின்னால் பந்தைக் கொடுத்து ஊரை வாய்பிளக்க வைத்தது.

அதே 1950இல் பிரவுன் சக் கூப்பரைத் தெரிவுசெய்தார். என்.பி.ஏ. கழகம் ஒன்று தெரிவுசெய்த முதல் கறுப்பினத்தவர் அவர். 1964 டிசம்பரில் ஆட்டத்தைத் தொடங்கிய ஐவருமே கறுப்பினத்தவர். அந்த லீக்கில் அதற்கு முன் அப்படி ஒருவரும் இறக்கியதில்லை. 1966இல் தம் கறுப்பின ஆட்டக்காரர் பில் ரசலைத் தலைமைப் பயிற்சியாளராக்கியதும் அப்படித்தான். மற்றவன் தொடப் பயந்த ஆளை இவர்கள் எடுத்தார்கள், எடுத்ததால் வென்றார்கள். தர்மம் ஒரு பக்கம் இருக்கட்டும். அது லாபமான வியாபாரமாகவும் இருந்தது.

லாபம் ரசலுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது வேறு கதை. 1961இல் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனுக்குக் காட்சி ஆட்டம் ஆடப் போனபோது, தங்கியிருந்த ஹோட்டலின் கோப்பிக் கடையில் கறுப்பு ஆட்டக்காரர்களுக்குப் பரிமாற மறுத்தார்கள். அவர்கள் ஆடாமலே ஊர் திரும்பினார்கள். பொஸ்டனுக்குப் பக்கத்தில் ரெடிங் என்ற ஊரில் ரசல் வாங்கிய வீட்டை உடைத்து, சுவரில் ஏச்சு எழுதி, கட்டிலை அசுத்தப்படுத்திவிட்டுப் போனார்கள். 13 பருவத்தில் 11 கிண்ணம் கொண்டுவந்தவர் அவர். அதில் 1959 முதல் 1966 வரை எட்டு, இடைவிடாமல். ஆனால் 13,909 ஆசனமுள்ள பொஸ்டன் கார்டனில் பல இரவுகள் ஆயிரக்கணக்கான ஆசனம் காலியாகக் கிடந்தது. அதே கட்டடத்தில் தோற்றுக்கொண்டிருந்த ஐஸ் ஹொக்கி அணிக்குக் கூட்டம் நெரிந்தது. வென்றால் ஊர் தோளில் தூக்கும் என்று நம்பி இறங்கும் தம்பிமார் இந்தப் பத்தியை இரண்டு தரம் வாசிக்கவும்.

ரசல் வந்து சேர்ந்த விதத்தையும் படித்துக்கொள்ளுங்கள். 1956இல் முதல் தெரிவு ரொசெஸ்டர் கழகத்துக்கு. அவர்கள் ரசலை எடுக்காமலிருக்க, பிரவுன் தம் ஐஸ் நடனக் குழுவை அந்த ஊருக்கு அனுப்பி வைப்பதாகப் பேசி முடித்தார் என்று ஓவர்பாக் சொல்லிவந்தார். இரண்டாம் தெரிவு வைத்திருந்த செயின்ட் லூயிசுக்கு நல்ல ஆட்டக்காரர் இருவரைக் கொடுத்து ரசலை வாங்கினார்கள். உங்களிடம் ஐஸ் நடனக் குழு இருக்காது. தப்புக் குழு இருக்கும். பக்கத்துத் தோட்டத்துத் திருவிழாவுக்கு ஒரு இரவு தப்படிக்க ஆள் அனுப்பி, அவர்களுடைய நெட்டைப் பையனைக் கேட்டுப் பாருங்கள். பேரம் படியும்.

உயரம் போதாது என்று தயங்குபவர்களுக்கு: 2011இல் அறுபதாவதாக, அதாவது கடைசி ஆளாக, தெரிவுசெய்யப்பட்ட ஐசையா தோமஸ் ஐந்தடி ஒன்பது அங்குலம். செல்டிக்ஸுக்காக 2016–17 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 28.9 புள்ளி எடுத்தார். 2017 ஏப்ரல் 15ஆம் திகதி அவருடைய தங்கை வாகன விபத்தில் இறந்தார். மறுநாள் அவர் களத்தில் நின்றார். மே 2, அந்தத் தங்கையின் பிறந்தநாளில், 53 புள்ளி எடுத்தார். ஓகஸ்டில் அவரைக் கிளீவ்லாந்துக்குக் கொடுத்துவிட்டு வேறொருவரை வாங்கினார்கள். முப்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவருக்குச் சேவைக்காலப் பணம் எப்போது கிடைக்கும் என்று அலுவலகத்துக்கு நடந்து பழகிய குடும்பங்களிலிருந்து வரும் பையன்களுக்கு இதில் அதிர்ச்சி இருக்காது. உயரத்துக்கு இன்னொரு அத்தாட்சி நாட்டுக்குள்ளேயே உண்டு. பாஸ்கட்போலின் தங்கையான நெட்போலில் ஆறடி பத்தங்குலத்தில் நின்றவர் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம்.

ஆடும் முறை

ரசலிடமிருந்து ஒரேயொரு நுட்பத்தைக் கற்றால் போதும். எதிராளி கூடைக்கு எறியும் பந்தைத் தடுக்கும்போது, கைதட்டல் வாங்கும் ஆட்கள் அதைக் கூட்டத்துக்குள் அறைவார்கள். ரசல் அப்படி அறையமாட்டார். விரல் நுனியால் மெல்லத் தட்டித் தம் ஆளிடமே விழச் செய்வார். தடுத்த அந்த நொடியே தாக்குதல் தொடங்கிவிடும். பொஸ்டனில் இது புத்திசாலித்தனம். நம் தோட்டத்தில் இது உயிர்ப் பிரச்சினை. லயத்து வாசலில் பந்தை வெளியே அறைந்தால் அது படிக்கட்டில் இறங்கி, கானைத் தாண்டி, பீலிக்கரையில் குளிப்பவர்களைப் பயமுறுத்தி, தேயிலைக்குள் புகுந்து, ஆற்றோரம் போய்த்தான் நிற்கும். எடுத்து வர அனுப்பிய பையன் காலில் அட்டையோடு திரும்பும்போது இருட்டிவிடும். ஆகவே எல்லாரும் ரசலாகத்தான் ஆட வேண்டும், வேறு வழியில்லை.

வெக்கையைப் பற்றிக் கவலை வேண்டாம். 1984 இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், குளிரூட்டி இல்லாத பொஸ்டன் கார்டனில் வெப்பம் 36 பாகையைத் தொட்டது. லேக்கர்ஸின் கரீம் அப்துல் ஜபார் ஒட்சிசன் முகமூடி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். லரி பேர்ட் 34 புள்ளி, 17 மீள்பந்து எடுத்தார். பலாங்கொடைக்குக் கீழே இறங்கி ஒரு ஏப்ரல் மத்தியானத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது பெரிய வீரமாகத் தெரியாது. அதே பேர்ட் 1985 கோடையில் அம்மாவின் வீட்டுக்குப் பாதை போட்டுக்கொடுக்கச் சல்லி அள்ளியபோது முதுகைப் பிடித்துக்கொண்டது; அந்த முதுகுவலி அவரைக் கடைசி வரை விடவில்லை. நம்மூரில் முதுகு பிடித்தால் டிஸ்பென்சரியில் இரண்டு வெள்ளைக் குளிசை கொடுத்து, நாளைக்குப் பெரட்டுக்கு வா என்பார்கள். அரை நாள் நின்றால் அரைப்பேர்.

கெட்ட காலமும் வரும். 1986இல் 16ஆவது கிண்ணம் வென்ற சில நாளில் எடுத்த லென் பயாஸ், எடுத்து இரண்டாம் நாள் இறந்துபோனார். 1993இல் அணித்தலைவர் ரெஜி லூயிஸும் இறந்தார். 1996–97இல் 15 வெற்றி, 67 தோல்வி. அடுத்த கிண்ணம் 2008இல், லேக்கர்ஸைக் கடைசி ஆட்டத்தில் 131–92 என்று துவைத்து. அதற்கடுத்தது 2024. அந்த ஆண்டு டலஸை 4–1 என்று முடித்தபோது முன்னே நின்ற ஜெய்லன் பிரவுனும் ஜேசன் டேட்டமும், 2013இல் வயதாகிவிட்ட நட்சத்திரங்களைப் புரூக்ளினுக்கு விற்று வாங்கிய தெரிவுரிமைகளின் வழியாக வந்தவர்கள். பழையதைப் பிடுங்கிப் புதுக்கன்று வைக்கும் காலம் எதுவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் பக்கத்துத் தேயிலை மலைகள் சிலவற்றைப் பார்த்தால் அந்த ஞானம் எல்லாருக்கும் வாய்க்கவில்லை என்று தெரிகிறது.

இனி, தள்ளி வைத்த விஷயம்

செல்டிக்ஸின் வரலாறு எழுதுபவர்கள் எல்லாரும் ரசலிலிருந்து தொடங்குகிறார்கள், அல்லது ஓவர்பாக்கின் சுருட்டிலிருந்து. (வெற்றி நிச்சயம் என்று தெரிந்ததும் ஆட்டம் முடியுமுன்பே பற்றவைப்பார். எதிராளிகளுக்கு எரியும்.) எனக்கென்னவோ அது கட்டடத்திலிருந்து தொடங்குவதாகவே படுகிறது. வோல்டர் பிரவுன் பொஸ்டன் கார்டன் அரங்கை நடத்தியவர், ஹொக்கிக்காரர். ஹொக்கி இல்லாத இரவுகளில் அரங்கு சும்மா கிடந்தது. அதை நிரப்பத்தான் பாஸ்கட்போல். இடம் முதலில் இருந்தது, கழகம் பிறகு வந்தது. தரைக்கு மரம் வேண்டும். யுத்தம் முடிந்த சமயம், நீளமான பலகைக்குத் தட்டுப்பாடு. துண்டு துண்டான ஓக் மரத்தைக் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்த்து ஐந்தடிக்கு ஐந்தடிச் சதுரங்களாக்கிப் பொருத்தினார்கள். இல்லாத குறைக்குப் போட்ட அந்தத் தரை இன்று கழகத்தின் அடையாளம். சில இடத்தில் பந்து எழும்பாது என்றும் அது எங்கே என்று சொந்த ஆட்களுக்கு மட்டும் தெரியும் என்றும் ஒரு கதை உண்டு. அந்த விஷயத்தில் நமக்குக் குறைவே இல்லை. நம் வாசல் முழுக்க அப்படிப்பட்ட இடம் தான்.

அதே 1946இல் கேகாலை மாவட்டத்திலும் ஒன்று நடந்தது. நேவ்ஸ்மயர் தோட்டத்துக் காணியைக் கிராம விஸ்தரிப்புக்கென்று அரசு எடுத்து, அங்கே வேலைசெய்து குடியிருந்த நம் ஆட்களை வெளியேறச் சொன்னது. அவர்கள் போக மறுத்தார்கள், வழக்கு வந்தது, அவர்களுக்காக மற்றத் தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் நடந்தது. உருளவள்ளிப் போராட்டம் என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான். பொஸ்டனில் ஒரு கட்டடத்தை நிரப்ப ஆள் தேடிய வருடத்தில் இங்கே ஒரு காணியைக் காலிசெய்ய ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

கணக்குப் போடுவோம். முழு பாஸ்கட்போல் களம் 420 சதுர மீற்றர். பேர்ச்சஸில் பதினாறரைக்குக் கொஞ்சம் மேல். லயத்துக்குப் பதிலாகத் தனி வீடு என்று கொடுக்கும்போது ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ். இரண்டு குடும்பத்துக் காணியைச் சேர்த்தாலும் ஒரு களம் வராது. இப்போது வொலிபோலைப் பாருங்கள். அதுவும் மசசூசெட்ஸில் கண்டுபிடித்தது தான், 1895இல் ஹோலியோக் நகரில். அதன் களம் 18 மீற்றருக்கு 9. ஆறரைப் பேர்ச்சஸுக்குள் அடங்கிவிடும். 1991 முதல் அது நாட்டின் தேசிய விளையாட்டு. தோட்டத்தில் எங்கு பார்த்தாலும் வொலிபோல் வலை ஏன் தொங்குகிறது என்று ஆராய்ச்சி செய்யத் தேவையில்லை.

ஆகவே விண்ணப்பம் எழுதுங்கள். எழுதினால் தோட்டத்துக் கிளாக்கர் ஐயாவோடு உரையாடல் ஏறத்தாழ இப்படிப் போகும்:

"ஐயா, பிள்ளைங்க வெளையாட ஒரு எடம் வேணும்."

"எவ்வளவுப்பா?"

"பதினேழு பேர்ச்சஸ் இருந்தா போதும் ஐயா. மேல் லயத்துக்குப் பின்னால மானாப்புல்லுக் காடு சும்மா தான் கெடக்கு."

"அங்க புதுக்கன்னு வைக்கப் போறாங்க."

"இருவது வருசமா அதத்தான் ஐயா சொல்றாங்க."

"பதினேழு பேர்ச்சஸு எதுக்கு? வீட்டுக்கே ஏழு தான்."

"ரெண்டு பக்கமும் கூடை வைக்கணுமில்ல ஐயா."

"ஒரு பக்கம் மட்டும் வச்சு வெளையாடுங்க."

தோட்டத்தில் காரியம் ஆகாவிட்டால் பிரதேச சபைக்குப் போகலாம். ஆனால் முப்பது வருட காலம் அங்கே போயும் பயனிருந்ததில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. வாக்குப் போடலாம், வடிகான் கேட்கக்கூடாது. 2018இல் அதைத் திருத்தினார்கள். இப்போது சட்டம் தடுக்கவில்லை. காசு இல்லை என்பது மட்டும் தான் தடுக்கிறது.

சமதரை கிடைக்காவிட்டால் சரிவை வெட்டிச் சமப்படுத்தலாமே என்று யாராவது துடிப்பான தம்பி சொல்வார். சொல்லட்டும், ஆனால் மண்வெட்டியைக் கொடுக்காதீர்கள். 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியிலும் மலை இறங்கி வந்ததை மறக்க முடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இல்லாமல் மண்ணில் கைவைக்க வேண்டாம். இரத்தினபுரிப் பக்கத்துக் கழகங்களுக்கு மேலதிக எச்சரிக்கை: வளையக் கம்பம் நட நான்கடிக் குழி தோண்டினால் சுற்றி ஆள் கூடிவிடும். இல்லம் பட்டதா, சரளை எப்படி என்று விசாரிப்பார்கள். பிறகு தேசிய மாணிக்கக்கல் ஆபரண அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் எங்கே என்று இன்னொருவர் வருவார். குழியில் நீலக்கல் கிடைத்தாலும் கம்பத்தை நட்டுவிட்டே மற்ற வேலையைப் பாருங்கள்.

கழகத்தைச் சொந்தமாக வாங்கிவிடலாமே என்று நினைப்பவர்களுக்கும் விலை சொல்லிவிடுகிறேன். 2025இல் செல்டிக்ஸ் 6.1 பில்லியன் டொலர் பெறுமதியில் கைமாறியது. டொலரை 300 ரூபாய் என்று வைத்தால் ஒரு இலட்சத்து 83 ஆயிரம் கோடி ரூபாய். 2024இல் நிர்ணயித்த 1350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில், வருடத்துக்கு 300 நாள் பேர் போட்டு, ஒரு சதமும் செலவழிக்காமல் சேர்த்தால் 45 இலட்சம் வருடத்தில் வாங்கிவிடலாம். மழைக்குப் பால் வெட்டு நின்ற நாட்களை இதில் சேர்க்கவில்லை.

அந்தக் கிளாக்கர் ஐயா கிண்டலுக்குச் சொன்ன ஒற்றைக் கூடை ஆட்டம் உண்மையாகவே இருக்கிறது. பக்கத்துக்கு மூவர், கூடை ஒன்று, களம் 15 மீற்றருக்கு 11. டோக்கியோ முதல் ஒலிம்பிக்கிலும் அது உண்டு. பேர்ச்சஸில் போட்டுப் பார்த்தால் ஆறரை. செல்டிக்ஸின் 18 கிண்ணத்தில் ஒன்று கூட அதில் கிடைக்காது, ஆனால் பந்து ஆற்றுக்குப் போகாது.

தோட்ட முகாமையாளர் எவராவது இந்தக் கையேட்டை வாசிக்க நேர்ந்தால் அவருக்கு ஒரு விண்ணப்பம்: 28 மீற்றருக்கு 15. முடியாதென்றால் 15க்கு 11, ஒரு வீட்டுக் காணி. இடத்தைக் காட்டினால் போதும். அளவு நாடாவும் கூடையும் நாங்கள் கொண்டுவருகிறோம்.